காஞ்சனாவுக்கு ஒரு வேலை

காஞ்சனா ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். எதையும் எடுக்கவில்லை. குணசுந்தரி சோற்றை வடித்துவிட்டுத் திரும்பியபோதும், உள்ளிருந்து வந்த வெளிறிய வெளிச்சம் முகத்தில் விழ, நேற்றைய மீன்குழம்பு வாடையோடு குளிர் தரையில் பரவிக் காலைத் தொட, மகள் அதே இடத்தில்தான் நின்றிருந்தாள்.

"ஏண்டி, உள்ள படமா ஓடுது?"

காஞ்சனா திரும்பினாள். "என்ன செய்யணும்மா?"

"மூடு."

மூடினாள். பிறகு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோலா கெத்தில் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் தனித்து நிற்கும் வீடு அது. வெளியே மழை கூடிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஆலையின் புளித்த வாடை மரங்களுக்கிடையே கனத்து இறங்கி, சன்னல் வழியாக அடுப்படிவரை வந்திருந்தது.

ஜொகூரில் கிடைத்த வேலைக்குக் காஞ்சனா திங்கட்கிழமை புறப்பட வேண்டும். இன்று காலை, கட்டிய பையைத் தானே பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "போகல" என்றாள். குணசுந்தரி சாமி படத்துக்கு இன்னொரு விளக்கு ஏற்றினாள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும்.

நேற்று மாலை மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினியில் ஒரு விளையாட்டு. வீடு கட்டலாம், ஆட்களைச் செய்து குடிவைக்கலாம், அவர்களுக்கு வேலை கொடுக்கலாம். தன்னையும் அம்மாவையும் அதில் செய்துவைத்திருந்தாள்.

"உங்களுக்கு என்ன வேலை வேணும்மா? போலீஸ், டாக்டர்... திருடன் வேலைகூட இருக்கு லா."

"எனக்கு எதுக்கு? உனக்குச் சமைச்சுப் போட ஆள் வேணாமா?"

"எனக்கு விண்வெளி. கெத்தில்லேர்ந்து நேரா நிலாவுக்கு."

திரையில் சின்னக் காஞ்சனா பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். குணசுந்தரிக்கு அது பிடிக்கவில்லை. மகள் குளிக்கப் போன நேரத்தில், பார்த்துப் பழகியபடி சின்னக் காஞ்சனாவின் படத்தைத் தொட்டு, வேலையிலிருந்து விலகும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று திரை கேட்டது. நிச்சயம்தான்.

அப்போது குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் பாதியில் நின்றது. குணசுந்தரி அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போதுதான் நினைவு வந்தது.

மழை தகரக் கூரையில் இறங்கியது.

"வா, உட்காரு. சாப்பிடு."

உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கடைவாயிலிருந்து கூழாகிப்போன சோறு வழிந்து கழுத்தில் இறங்கியது.

"முழுங்குடி."

தொண்டை ஒருமுறை அசைந்தது.

நாற்காலிக்கு அடியில் சொட்டும் சத்தம் கேட்டது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக் குணசுந்தரி துணியோடு குனிந்தாள். வெதுவெதுப்பான ஈரம். மூத்திர வாடை.

"சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீங்க சொல்லலையேம்மா."

குணசுந்தரி மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். விளையாட்டுக்குள்ளும் சின்னக் காஞ்சனா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஈரம். வேலைகள் வரிசையாக வந்தன. டாக்டர் வேண்டாம். போலீஸ் வேண்டாம். மகள் ஆசைப்பட்டதையே தேடிப் பிடித்து அழுத்தினாள்.

சின்னக் காஞ்சனா துள்ளி எழுந்தாள். பையை மாட்டினாள். வாசல். சாலை. திரும்பிப் பார்க்கவில்லை. மறைந்தாள்.

குணசுந்தரிக்கு நெஞ்சு லேசானது. "எந்திரிம்மா. ஜொகூருக்குப் போ. நானே பஸ் ஏத்திவிடுறேன்."

நாற்காலியில் இருந்தவள் எழவில்லை. கண்கள் திறந்திருந்தன. குணசுந்தரி அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். காற்று இல்லை.

திரைக்கு ஓடினாள். சின்னக் காஞ்சனாவின் படம் மங்கிக் கிடந்தது. தொட்டாள். அழுத்தினாள். வரவில்லை. வேலையில் இருக்கிறாள் என்று மட்டும் காட்டியது.

சொல்லாமல் விட்டது எது?

"மூச்சு விடு."

மார்பு ஏறியது. இறங்கியது. நின்றது.

"மூச்சு விடுடி."

ஏறியது. இறங்கியது. நின்றது.

கைபேசியை எடுத்தாள். மழைக்கு லைன் இல்லை. பக்கத்து வீட்டு ரமணியைக் கூப்பிடலாம் என்று வாசலுக்கு ஓடினாள். அடுத்த வீடு மரங்களுக்கு அப்பால். வாசலில் நின்றபடியே மகளை மூச்சு விடச் சொல்லிக் கத்தினாள். கூரை இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பினாள். மகளின் உதடுகள் நீலம்.

ஓடி வந்தாள். காதில் வாயை வைத்தாள்.

"மூச்சு விடு."

ஏறியது.

இருட்டியது. விளக்குப் போட எழவில்லை. குரல் கம்மியது. சொன்னாள். நாக்கு ஒட்டியது. சொன்னாள். மழை விடவில்லை.

தொண்டையில் இருமல் கிளம்பியது. வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை.

திறந்த இரண்டு கண்களும், அடுத்த சொல்லுக்காக, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.