தோள் சொன்ன நேரம்

ஞாயிறு, மாலை 4.10.

கேமரா பையின் ஜிப்பைத் திறந்த நீரஜாவின் கை அப்படியே நின்றது. உள்ளே கேமரா இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

பை மட்டும் காலையில் மாட்டிய கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பீரோ உடையவில்லை. வாசல் பூட்டில் கீறல்கூட இல்லை.

நீரஜாவுக்கு அறுபத்தொரு வயது. கோர்ட்டில் முப்பத்துநான்கு வருடம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் பாஞ்சாலி லீவு போட்ட நாட்களில் சாயங்காலம்வரை அவள் வாய் திறக்க வேண்டிய அவசியமே வராது. இரண்டு வருடத்துக்கு முன் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கினாள். ஞாயிறுதோறும் ஒரு குழுவோடு கிளம்பினாள். அதில் கிடைத்த ஒரே சிநேகிதி, அடையாற்றில் தனியாக இருக்கும் மதுவந்தி.

வரும் புதன்கிழமை குழுவில் ஆறு பேர் கோடியக்கரைக்குப் போவதாக இருந்தது. பத்து நாள் பயணம். நீரஜாவின் படங்களைப் பார்த்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வாழ்க்கையில் அவளை யாரும் அப்படி ஓர் இடத்துக்குக் கூப்பிட்டதில்லை.

மாலை 5.30.

சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை வந்தார். காலையிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். பாஞ்சாலி மட்டும்தான் என்றாள் நீரஜா. அவர் தலையை ஆட்டிவிட்டு நொச்சிக்குப்பத்துக்கு ஜீப்பை அனுப்பினார். அரைமணி நேரத்தில் ஒரு பெண் காவலர் பாஞ்சாலியை அழைத்து வந்தார். அதற்குள் போனில் விஷயம் தெரிந்து மதுவந்தியும் வந்துவிட்டாள்.

விசாரணை நடந்தது. யாராவது கேள்வி கேட்டு யாராவது பதில் சொன்னால் நீரஜாவின் கை தானாகப் பென்சிலைத் தேடும். அன்றும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள்.

“எத்தனை மணிக்கு வந்தே?”

“ஒம்போதேகால் சார். அம்மாவும் அப்பதான் வந்து கதவத் தொறந்துச்சு.”

“பை எங்க இருந்துச்சு?”

“அம்மா தோள்லதான். கழட்ட முடியாம கழட்டுச்சு. நான்தான் வாங்கி மாட்னேன்.”

“வெயிட்டா இருந்துச்சா?”

“எப்பயும் போலத்தான் சார்.”

“அப்ப உள்ள கேமரா இருந்திருக்கு. அப்புறம்?”

“அம்மாவ உக்கார வெச்சு தைலம் தேச்சு உட்டேன். அது குளிக்கப் போச்சு. நான் பாத்திரம் தேச்சிக்கினு இருந்தேன்.”

“அந்த நேரம் வீட்ல வேற யாரு?”

பாஞ்சாலி நீரஜாவைப் பார்த்தாள். நீரஜா கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

“வேற யாரும் இல்ல சார்.”

சமையலறை அலமாரியில் அதே கம்பெனி உப்புப் பாக்கெட் ஒன்று இருந்தது. வெள்ளைத்துரைக்கு அது போதுமானதாக இருந்தது. பாஞ்சாலியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். ஜீப் கிளம்புவதை மதுவந்தி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிறகு நீரஜாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ என்றாள். கேமரா இல்லாமல் கோடியக்கரையில் போய் என்ன செய்வது, டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு என்றும் சொன்னாள்.

இரவு பாஞ்சாலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாலை மறுபடி வரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

திங்கள், காலை 8.00.

பாஞ்சாலி வரவில்லை. நீரஜா நோட்டை எடுத்து, எழுதியதை முதலிலிருந்து படித்தாள். தைலம் என்ற இடத்தில் நின்றாள்.

எதற்குத் தைலம்?

அவளுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் உண்டு. பாரம் சரியாக உட்காராவிட்டால் இடது தோளிலிருந்து விரல்வரை வலி இறங்கும். முதலில் முதுகுப்பையோடுதான் அலைந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் அதைக் கழற்றி மாட்டுவதே தண்டனையாக இருந்தது. அதனால் இரண்டு மாதத்துக்கு முன் குறுக்கே போட்டுக்கொள்ளும் பை ஒன்றைத் தேடி நாலு கடை ஏறி இறங்கினாள். மதுவந்தியும் கூடவே வந்தாள். கடைசியில் தி.நகரில் ஒரு கடைக்காரர் கேமராவை உள்ளே வைத்து அவளை அரைமணி நேரம் கடைக்குள்ளேயே நடக்கவிட்டு, ஒரு பையைத் தேர்ந்து கொடுத்தார். அதன் பிறகு ஒருநாள்கூட வலித்ததில்லை. நேற்றுவரை.

நேற்றைய காலையை நேரம் போட்டு எழுதிப் பார்த்தாள். 6.00, நொச்சிக்குப்பம் கரை. 7.00, படகுக்குப் பின்னால் ஈரமணலில் ஓடிப் படமெடுத்தது, வலி இல்லை. 7.30, மற்றவர்கள் கிளம்பியது. 7.50, மதுவந்தியோடு திருவல்லிக்கேணியில் டிபன். 8.35, பஸ். பஸ்ஸில் ஏறும்போதே தோள் இழுத்தது. நின்றுகொண்டு வந்ததால் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். தோன்றிய எண்ணம் தப்பாக இருக்கவேண்டுமே என்றிருந்தது. பையையும் உப்பையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

காலை 11.00.

கடைக்காரர் ஹபீபுர் ரஹ்மானுக்கு அவளை ஞாபகம் இருந்தது. நீரஜா விஷயத்தைச் சொல்லவில்லை. அவளுடையதைப் போன்ற ஒரு கேமராவைக் கடையிலிருந்தே எடுத்துப் பையில் வைக்கச் சொன்னாள். மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கல்லாவுக்கும் இருபது தடவை நடந்தாள். வலி இல்லை. அதை எடுத்துவிட்டு இரண்டு உப்புப் பாக்கெட்டுகளை வைக்கச் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமல் வைத்தார். எட்டாவது நடையில் தோளில் இழுப்பு ஆரம்பித்தது. பதினைந்தாவதில் விரல் மரத்தது.

“ரெண்டுமே ரெண்டு கிலோதானே பாய்?”

“எடை ஒண்ணுதான்மா. அது எங்க உக்காருதுங்கறதுதான் விஷயம். கேமராவை நான் தடுப்பு வெச்சு உங்க உடம்போட ஒட்டி நிறுத்தியிருக்கேன். உப்பு நிக்காது, சரிஞ்சு வெளிப்பக்கம் போயிடும். பை இடுப்பை விட்டுத் தள்ளி ஆடும். அந்த ஆட்டமெல்லாம் தோளுக்குத்தான்.”

நீரஜா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் கொடுத்தார்.

பிற்பகல் 2.15.

அடையாற்றில் மதுவந்தி கதவைத் திறந்தாள். சாப்பிட்ட தட்டு ஒன்று மேஜையில் காய்ந்திருந்தது. டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“கேமராவை எடுத்துண்டு வா, மது.”

மதுவந்தி அவளைப் பார்த்தாள். என்ன உளறுகிறாய் என்று சிரிக்க முயன்றாள். நீரஜா உட்காரவில்லை. கோர்ட்டில் எழுதியதைத் திரும்பப் படிப்பவளைப் போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

“பை கனமா இருந்துது, அதனால ஆத்துக்கு வந்தப்போ கேமரா உள்ள இருந்துதுன்னு எல்லாரும் நினைச்சோம். நானும்தான். ஆனா என் தோள் பஸ்ஸுலயே வலிக்க ஆரம்பிச்சுடுத்து. வாசல்ல என் கையிலேர்ந்து பையை வாங்கறபோதே பாஞ்சாலிக்கு அது தெரிஞ்சிருக்கு, தைலம் தேச்சுவிட்டா. கேமரா இருந்தா அந்தப் பை வலிக்காது. அப்போ பஸ் ஏறறதுக்கு முன்னாடியே உள்ள உப்புதான். கடற்கரையிலேர்ந்து பஸ் வரைக்கும் அந்தப் பை என் தோளை விட்டு இறங்கினது ஒரே ஒரு தடவை. டிபன் சாப்ட்டுட்டு நான் கை அலம்பப் போனேன். வரிசை நின்னுது. பை உன் பக்கத்து நாற்காலில இருந்துது. கேமரா ரெண்டு கிலோன்னு உனக்குத் தெரியும். கடைக்கு நீயும்தானே வந்தே.”

மதுவந்தி உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. பிறகு ஒரு பழைய பட்டுப்புடவையில் சுற்றிய கேமராவைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“புதன்கிழமை ரயில் போனதும் குடுத்திருப்பேன்.” மதுவந்தி புடவையை மடித்தாள். “நீ போலீஸுக்குப் போவேன்னு நினைக்கலை. என்னை அவா யாரும் கூப்பிடலை, நீரு. நீயும் போயிட்டா பத்து நாள் நான் யாரோட பேசுவேன்?”

நீரஜாவுக்கு அது புரிந்தது. மற்ற எவருக்கும் புரிவதைவிட நன்றாகவே புரிந்தது. இப்போது மட்டும் அவள் பேசாமல் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் மதுவந்தி இருப்பாள். எங்கோ தவறவிட்டேன், கிடைத்துவிட்டது என்று ஸ்டேஷனில் சொல்லிவிடலாம்.

“அவளை ஜீப்புல ஏத்தினபோது நீ ஜன்னல்ல நின்னுண்டிருந்தே,” என்றாள். “அப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

மதுவந்தி டி.வி.யை அணைத்தாள்.

நீரஜா அங்கேயே நின்று வெள்ளைத்துரைக்குப் போன் செய்தாள். கேமரா கிடைத்துவிட்டது, எடுத்தவர் பெயர் மதுவந்தி என்றாள். எப்படி, எங்கே என்பதைச் சொன்னாள். பாஞ்சாலி இனி ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று அவர்களே அவளைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். வழக்கு வேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், ஆனால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவள் வெளியே வந்ததும் பின்னால் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

மாலை 5.20.

நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் வியாபாரம் சூடாக இருந்தது. பாஞ்சாலி தன் அக்காவின் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஜீப் வந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் இப்போதும் அங்கே இருந்தார்கள். நீரஜா அவர்கள் நடுவில் நின்று, கேமராவை எடுத்தது தன் சிநேகிதிதான் என்று சத்தமாகச் சொன்னாள். சத்தமாகப் பேசிப் பழகாத குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

பாஞ்சாலி கேட்டு முடித்தாள்.

“நீ என்மேல சந்தேகப்படலன்னு தெரியும்மா. ஆனா அந்தாளு வேற யாருன்னு கேட்டப்ப, இவ அப்டிப்பட்டவ இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன். நீ எழுதிக்கினே இருந்த.”

மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னாள் நீரஜா. பாஞ்சாலி எழுந்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து, கூட்டமில்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏற்றிவிட்டாள்.

புதன்கிழமை நீரஜா ரயிலேறினாள். குழுவில் எல்லோரும் நல்லவர்கள். விடிவதற்கு முன் கிளம்பி, ஆளுக்கொரு பக்கம் கேமராவுக்குப் பின்னால் மறைந்துபோவார்கள். நான்காம் நாள் காலை நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒரே சமயத்தில் தண்ணீரைவிட்டு எழும்பின. பார்த்தியா என்று சொல்லத் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

மாலை அறையில் அந்தப் படத்தைப் போனுக்கு மாற்றினாள். யாருக்கு அனுப்புவது என்று வெகுநேரம் பெயர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு பெயரை அழுத்தினாள்.

ஒருமணி நேரம் கழித்துப் பாஞ்சாலியிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் அலை இரைந்தது.

“இன்னாம்மா இது, இம்மாந்நீட்டு காலு? கொக்கா?”

வேலைக்கு வருவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நீரஜா அதை மூன்று தடவை கேட்டாள்.