வெளிச்சமில்லாமல் வந்த விளக்கு வண்டி

வல்லிநாயகம் படியேறி வந்தபோது அவர் கையிலிருந்த குடை நடுங்கியது. மகனைப் பறிகொடுத்த அன்றும் நிமிர்ந்து நின்ற மனிதர் அவர். அவர் நடுங்கித் தென்காசியில் யாரும் பார்த்ததில்லை.

ருக்மிணி ஒன்றும் கேட்காமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விபத்து வழக்குகளில் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்க வக்கீல்கள் அவரைத் தேடி வருவதுண்டு. அன்று வந்திருந்த இளம் வக்கீல் ஜுஹைனா, பெரியவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வாராரும்மா. என் பேரனைக் கூட்டிட்டுப் போயிருவாரு" என்றார் வல்லிநாயகம்.

"மொதல்லேருந்து சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் சொன்னார். முந்தைய நாள் மத்தியானம், சாரலும் மேகமும் இறங்கியிருந்த நேரம். ஐந்தருவியிலிருந்து குற்றாலத்துக்கு இறங்கும் சாலையில் மங்குஸ்தான் விற்கும் பேராச்சியை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. சாலையில் கிடந்த முகப்பு விளக்கின் கண்ணாடிச் சில்லு, வல்லிநாயகம் வீட்டுக் காரின் உடைந்த விளக்கோடு அப்படியே பொருந்துகிறது.

"காலையில அந்தக் கார்ல அருவிக்குப் போனது ரெண்டே பேரு. பேரன் செந்தில்வேலு, டிரைவர் வேல்சாமி. திரும்பி ஓட்டிட்டு வந்தது தம்பிதான், நான் பஸ்ல வந்தேங்கான் வேல்சாமி. வேல்சாமி அண்ணன் என்னை விட்டுட்டு வந்துட்டாரு, நான்தான் பஸ்ல வந்தேங்கான் பேரன். வீட்டுக்கு வண்டி வந்தப்போ பாத்தவங்க யாருமில்ல."

"நீங்க யாரை நம்புதீங்க?"

பெரியவர் குடையின் கைப்பிடியை இறுக்கினார். "வேல்சாமி நான் வண்டி பழக்குன கை. முப்பது வருசமா என் வார்த்தையைத் தட்டுனதில்ல. ஒரு சொட்டு பெட்ரோலை வீணாக்க மாட்டான். பேரன் கோயம்புத்தூர்ல வண்டி ஓட்டிப் பழகுனவன், வேகக்காரன். ஆனா அவன் என் ரத்தம். அதான் பயமா இருக்கு. அடிச்சது விபத்துன்னு சொல்லலாம். ஒரு பொம்பளைய ரோட்டுல போட்டுட்டு ஓடுனவன் எங்க வீட்டுப் பிள்ளைன்னா, நான் எந்த மொகத்தோட காசி விஸ்வநாதர் முன்னால போயி நிப்பேன்?"

"ஜெயிலுக்குப் போகாம காப்பாத்தணும், அதானே தாத்தா?" என்றாள் ஜுஹைனா.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "காப்பாத்தச் சொல்லி வரல பிள்ளே. உண்மையைத் தெரிஞ்சுக்கிட வந்தேன்."

ஜுஹைனா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கார் ஊரறிந்த கார். செந்தில்வேலின் தகப்பன் முத்துகுமரன், ஆலங்குளம் சாலையில் ஒரு மழைப் பகலில் பஸ் மோதி இறந்தான். எதிரே கார் வந்ததே தெரியவில்லை என்றான் பஸ் டிரைவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வல்லிநாயகம் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்: இந்த வீட்டு வண்டி பகலிலும் விளக்கெரிய வேண்டும். யாரும் மறந்துவிடக் கூடாதென்று எலக்ட்ரீஷியனை வைத்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் முகப்பு விளக்குகள் தாமே எரியும்படி ஒயரை மாற்றினார். உச்சிவெயிலில் விளக்கோடு வந்த காரைப் பார்த்து ஊர் முதலில் சிரித்தது, பிறகு 'வெளக்கு வண்டி' என்று பெயர் வைத்தது.

மூவரும் வல்லிநாயகம் வீட்டுக்குப் போனபோது கார் கொட்டகையில் நின்றது. இடப்பக்க விளக்கு நொறுங்கியிருந்தது. செந்தில்வேல் சுவரோரமாக நின்றான். வேல்சாமி துண்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"இன்ஜினைப் போடுங்க" என்றார் ருக்மிணி.

செந்தில்வேல் சாவியைத் திருப்பினான். கொட்டகை அதிர்ந்தது. ஜுஹைனா காதைப் பொத்தினாள். அதே நொடியில் வலப்பக்க விளக்கு எரிந்தது.

"சைலன்ஸரை மாத்தியிருக்கியா தம்பி?"

"ஆமா மேடம். சத்தம் நல்லாருக்கும்னு..."

"ஊரே கேக்கும்" என்றார் வல்லிநாயகம் கசப்பாக. "நான் வெளிச்சத்துக்கு மாத்துனேன். இவன் கூப்பாட்டுக்கு மாத்துதான்."

ருக்மிணி காரின் முன்மூடியைத் தூக்கி ஒயரைத் தொடர்ந்து பார்த்தார். சுற்றியிருந்த டேப்பின் மேல் பழைய புழுதி கலையாமல் படிந்திருந்தது. "சாவியை மட்டும் திருப்பி வச்சா எரியாதோ?"

"எரியாது. இன்ஜின் ஓடுனாத்தான் எரியும், நின்னா அணைஞ்சிரும். பேட்டரி தீந்துரக் கூடாதுன்னு நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். ராத்திரிக்குத் தனி சுவிட்சு உண்டு. பகல்ல அதை யாரும் தொடுததே இல்ல."

உடைந்த விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி ருக்மிணி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி போயிருந்தது. உள்ளே இருந்த மெல்லிய கம்பி நெளியாமல் இரண்டாக முறிந்து, முறிந்த முனை வெள்ளி போல மின்னியது. அவர் அதை ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்து ருக்மிணியும் ஜுஹைனாவும் போனது தென்காசி ஆஸ்பத்திரிக்கு. பேராச்சியின் கால் மாவுக்கட்டில் இருந்தது, தலையில் தையல். கதவு திறந்த சத்தத்துக்கே அவள் திடுக்கிட்டாள்.

"ஆச்சி, வண்டி எப்படி வந்துச்சு?" என்று ஜுஹைனா குனிந்து கேட்டாள்.

"பேய் மாதிரி வந்துச்சு தாயி. சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. மேகத்துக்குள்ளேருந்து வழுக்கிக்கிட்டு வந்து என் மேல விழுந்துச்சு. நான் விழுந்து கெடந்த பொறவுதான் உறுமுச்சு. ஒத்தக் கண்ணு மட்டும் முழிச்சு என்னையே பாத்துச்சு. நான் கத்துதேன், அது போயிருச்சு." அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "கண்ணை மூடுனா அந்தக் கண்ணுதான் வருது."

"வெளக்கு வண்டியா இருக்குமோ ஆச்சி?"

"சேச்சே! அது தூரத்துல வரும்போதே தெரியுமே. சாரல் நாள்ல நாங்க அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் ஒதுங்குவோம். வெளக்கு எதுவும் தெரியலன்னுதான நான் ரோட்டுல காலை வச்சேன்."

வெளியே வந்ததும் ஜுஹைனா படபடத்தாள். "மேடம், அப்போ அடிச்சது அந்த வண்டியே இல்ல! ஊரையே எழுப்புத சைலன்ஸர், அணைக்க முடியாத வெளக்கு. அது எப்படி இருட்டா, சத்தமில்லாம வரும்? யாரோ சில்லைக் கொண்டுபோய் ரோட்டுல போட்டிருக்காங்க."

"அடிபட்ட பொறவு ஒத்தக் கண்ணு முழிச்சுதே, அது?"

ஜுஹைனா ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மத்தியானமும் மேகம் இறங்கியிருந்தது. ருக்மிணி தம் சொந்தக் காரில் செந்தில்வேலையும் வேல்சாமியையும் ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். ஜுஹைனாவும் பெரியவரும் கூட வந்தார்கள். கடைகளின் பஜ்ஜி வாசனையும் அருவியின் இரைச்சலும் பின்னால் மறைந்ததும் சாலை சரிந்து இறங்கியது. பத்தடிக்கு முன்னால் இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை.

"தம்பி, மொதல்ல நீ ஓட்டு" என்றார் ருக்மிணி.

செந்தில்வேல் கியரைக் குறைத்து, இன்ஜின் முனகமுனக இறக்கினான். விபத்து நடந்த திருப்பத்தில் வேகத்தை இன்னும் குறைத்தான். மறுபடி மேலே போனதும் ஸ்டியரிங் முன்னால் வேல்சாமி உட்கார்ந்தார். இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். அவர் கை சாவியின் மேல் போய் நின்றது. சுட்டதுபோல அதை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு திருப்பம் வரை இரு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார்.

பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தாள் ஜுஹைனா.

வல்லிநாயகம் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வேல்சாமி மட்டும் உட்காரவில்லை. சுவரில் முத்துகுமரனின் படம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பெரியவரின் கண் அங்கே போய் வந்தது.

ருக்மிணி தாளைப் பிரித்தார். "எரியுத பல்பு உடைஞ்சா, சூட்டுல இளகுன கம்பி நெளியும், காத்துப் பட்டுக் கருகிப் பொடியாகும். இது நெளியல, கருகல. சில்லுன்னு இருந்தப்போ முறிஞ்சிருக்கு. அதனால மோதுனப்போ வெளக்கு எரியல. பேராச்சி சொன்னது நெசம்."

"ஆனா இன்ஜின் ஓடுனா எரியுமே!" என்றாள் ஜுஹைனா.

"ஒயரை யாரும் தொடல, புழுதி கலையல. அப்போ இன்ஜின் ஓடல."

ருக்மிணி தாளை மடித்து வைத்தார்.

"இன்ஜின் ஓடலன்னா சைலன்ஸர் சத்தமும் வராது. வண்டி இறக்கத்துல தானா உருண்டு வந்திருக்கு. அடிச்ச பொறவு பயந்துபோயி இன்ஜினைப் போட்டிருக்காங்க. உடனே சத்தம் வந்துச்சு, உடையாத வெளக்கு மட்டும் எரிஞ்சுது. பேராச்சி பாத்த ஒத்தக் கண்ணு அதான்." அவர் குரல் உயரவில்லை. "இறக்கத்துல இன்ஜினை அணைக்குதவங்க யாரு? அந்தச் சத்தத்துக்காகவே காசைக் கொட்டுன பையன் அணைக்க மாட்டான். இன்னைக்கு என் வண்டியில அவன் கியரைக் குறைச்சுத்தான் இறக்குனான். இன்னொருத்தர் கை, அவரை அறியாமலே சாவிக்குப் போச்சு. ஒரு சொட்டு பெட்ரோலை வீணாக்காத கை அது."

வேல்சாமி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக்கு கல்லா இறுகிட்டும்மா" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "இன்ஜின் நின்னா ரெண்டு மிதிக்கு மேல பிரேக்கு கேக்காதுன்னு தெரியும். முப்பது வருசமா ஒண்ணும் ஆனதில்லையேன்னு... அவ கத்துத சத்தம் காதுலயே நிக்குது."

"ஏன்ணே என் பேரைச் சொன்னீங்க?" செந்தில்வேலின் கண் கலங்கியிருந்தது. "உங்க மடியில உக்காந்துதான ஸ்டியரிங் பிடிச்சேன்?"

"நீங்கன்னா மொதலாளி எப்படியாவது வெளிய எடுத்துருவாவன்னு நெனச்சேன் தம்பி. என்னை யாரு எடுப்பா?"

ஜுஹைனா பெரியவரைப் பார்த்தாள். அவர் இடி விழுவது போலக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். வல்லிநாயகம் மகனின் படத்தைப் பார்த்தார்.

"வேல்சாமி, இறக்கம் வந்தா இன்ஜினை அணைச்சுப் பெட்ரோலை மிச்சம் பிடிலேன்னு உனக்கு மொதமொதல்ல சொன்னது யாரு?"

வேல்சாமி துண்டை முறுக்கினார்.

"சொல்லுலே."

"நீங்கதான் மொதலாளி."

"வெளக்கை இன்ஜினோட சேத்துக் கட்டச் சொன்னதும் நான்தான். ரெண்டும் என் சட்டம். ஒரு சட்டம் இன்னொண்ணை அணைச்சுரும்னு எனக்குத் தோணாமப் போச்சு." அவர் ஜுஹைனா பக்கம் திரும்பினார். "அந்தம்மா என்ன சொன்னா, பிள்ளே? மறைக்காமச் சொல்லு."

ஜுஹைனா தயங்கிச் சொன்னாள். "வெளக்கு எதுவும் தெரியலன்னுதான் ரோட்டுல காலை வச்சேன்னு சொன்னாங்க தாத்தா."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். குடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பேரனின் தோளைப் பிடித்து எழுந்தார். நேற்றிலிருந்து அவனை அவர் தொடவே இல்லை என்பது செந்தில்வேலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எந்திலே வேல்சாமி. நிக்காம ஓடுனதும், பிள்ளை மேல பழி போட்டதும் உன் தப்பு. அதை நீ சொல்லு. அணைக்கச் சொன்னது என் தப்பு. அதை நான் சொல்லுதேன். இன்ஸ்பெக்டர் இங்கன வந்து கூட்டிட்டுப் போக வேண்டாம், நாமளே போவோம். உனக்கும் நான்தான் வக்கீல் வைப்பேன். அதுக்கு முன்னால பேராச்சியைப் பாக்கணும். அவ காலு, கடை, வீடு எல்லாம் இனி இந்த வீட்டுப் பொறுப்பு."

"ஸ்டேஷன்ல உங்களை அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க அண்ணாச்சி" என்றார் ருக்மிணி மெதுவாக.

"கேக்க மாட்டாங்கதான். ஆனா மறைச்சா இந்த வீட்டுப் பேரு என்னாகும்னு எனக்குத் தெரியும்மா."

வெளியே சாரல் விட்டு வெயில் சுளீரென்று அடித்தது. ஈரத் தெரு கண்ணைக் கூச வைத்தது. ருக்மிணியின் காரில் பெரியவர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் வேல்சாமியும் செந்தில்வேலும், இருவருக்கும் நடுவில் கைப்பையோடு ஜுஹைனா. ருக்மிணி இன்ஜினைப் போட்டு, கியரில் கை வைத்தார். வண்டி நகரும் முன் பெரியவரின் கை நீண்டு ருக்மிணியின் மணிக்கட்டைத் தடுத்தது.

"வெளக்கு?"

ருக்மிணி சுவிட்சைத் திருப்பினார். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சங்கள் வெயிலுக்குள் மங்கலாகத் தெரிந்தன. பெரியவர் இரண்டையும் பார்த்தார்.

"இப்போ போங்கம்மா" என்றார்.