மூச்சு விட்ட நெகட்டிவ்

"யாரும் அசையாதீங்க..."

நசீருதீன் சொன்னதும் அறையில் எல்லோரும் உறைந்து போனார்கள்.

நடுவில் படுத்திருந்தவர் மட்டும் ஏற்கெனவே உறைந்துதான் இருந்தார்.

பிணம்!

காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்புக்காரர் சவரிராயன். வெள்ளைச் சட்டை. கோத்த விரல்களில் ஜெபமாலை. மூக்கில் பஞ்சு. தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்திகள்.

அம்மையும் காமாலையும் சேர்ந்து அடித்ததாகப் பேச்சு. அம்மை கண்ட உடம்பு என்பதால் ஊர் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே மனைவி ரோசம்மாவும் அவள் தம்பியும் மட்டும்தான்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்பி, ஸ்டாண்டில் நின்ற கேமராவைத் தட்டினான் நசீர். க்ளிக்.

"முடிஞ்சுதுங்களா பாய்?" ரோசம்மா அவசரப்பட்டாள்.

"இன்னும் ரெண்டு எடுத்துக்கறேங்க. ஒண்ணு கெட்டாலும் ஒண்ணு உதவும்."

க்ளிக்... க்ளிக்...

எடுத்து முடித்ததும் நசீருக்கு அந்தப் பிணத்தின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

காரணம் இருந்தது.

அவன் தம்பி காசிம், சவரிராயனின் ஜீப் டிரைவர். கம்பைநல்லூர் ரோட்டில் அந்த ஜீப், சவரிராயனின் பங்காளி ஒருவரை ஏற்றிக் கொன்றது. விபத்தில்லை... திருப்பி வந்து இன்னொரு முறை ஏற்றியிருந்தது!

"முதலாளிதான் ஓட்டினாரு. நான் பக்கத்து சீட்டுல இருந்தேன்" என்றான் காசிம்.

"டிரைவர்தான் ஓட்டினான். நான் வூட்ல தூங்கிட்டிருந்தேன்" என்றார் சவரிராயன்.

கோர்ட் சவரிராயனை சாட்சிக் கூண்டுக்கு அழைத்தது. காசிமின் வக்கீல் நாலு கேள்வி கேட்டிருந்தால் போதும், மனிதர் உளறியிருப்பார். கேள்விக்கு முன்பே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி காசிம் எதைச் சொன்னாலும், செத்தவன் மேல் பழி போடுகிறான் என்று ஆகிவிடும்.

தம்பியைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாயை, தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள்.

நசீர் கேமராவை மடக்கிக்கொண்டு வெளியே வந்தான். பின்னால் சவப்பெட்டியில் ஆணி இறங்கும் சத்தம் கேட்டது.

* * *

அக்டோபர் கடைசி. 1987. அடக்கம் முடிந்து சில வாரங்கள்.

தர்மபுரி. குல்ஷன் ஸ்டூடியோ.

நசீர் தன் மனைவியின் பெயரைத்தான் கடைக்கு வைத்திருந்தான். அந்த மனைவி இப்போது டி.வி.க்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு எரிச்சலில் இருந்தாள்.

"ஏங்க, படம் இன்னும் உருளுது."

"அந்தக் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பு."

"இதுக்கு மேல திருப்புனா கையோட வந்துரும்."

பெங்களூரில் யாரோ கழித்துக் கட்டிய மெஷின் அது. நெகட்டிவை உள்ளே தள்ளினால், பிரிண்ட் போடாமலேயே டி.வி.யில் படம் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். சொல்லாமல் விட்டது நிறைய. அதற்கு நம்ம ஊர் கரண்ட் ஆகாது, தனியாக டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். நம்ம ஊர் டி.வி.யும் ஆகாது, படம் கலரை உதறிவிட்டு மாவு மில் பெல்ட் மாதிரி சுற்றும். கூட வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. பச்சைப் பட்டனை அழுத்தினால் அணைந்தது. சிவப்பை அழுத்தினால் எரிந்தது.

"இதைச் செஞ்சவன் கையில கெடைச்சா..." என்று நசீர் ஆரம்பித்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

ரோசம்மா!

வெள்ளைப் புடவை. அவளுக்குப் பின்னால், படிக்குக் கீழே ஒருவன். தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றான்.

"தோட்டத்துக் காவக்காரங்க. கன்னடத்துக்காரன், தமிழ் வராது. பல்வலின்னு சுத்திகினு கெடக்கறான்" என்றாள் அவள். "பாய்... திங்கக்கெழம கல்லறைத் திருநாள். வூட்ல அவரு படம் ஒண்ணு மாலை போட்டு வைக்கணும். இல்லீன்னா ஊரு ஒரு மாதிரி பேசுது."

"எந்தப் படத்தைப் போடட்டுங்க?"

"கடைசியா எடுத்தீங்களே... அதையே பெருசாப் போட்டு, கண்ணைத் தொறந்து குடுங்க."

இது ஸ்டூடியோக்களில் நடக்கிற வேலைதான். மூடிய இமைமேல் பிரஷ்ஷால் கண் வரைந்து, செத்தவரை விழிக்க வைப்பார்கள். பார்த்து வரைய ஒரு பழைய பாஸ்போர்ட் படத்தையும் அவள் நீட்டினாள்.

நசீர் லென்ஸ் வைத்துப் பார்த்தான். "எடது கண்ணு எமை கொஞ்சம் எறங்கியிருக்குது. அதை நிமித்திடட்டுங்களா?"

"வேணாங்க. அது இருந்தாத்தான் அவரு."

திங்கட்கிழமை... அதே நாளில்தான் காசிமுக்குத் தீர்ப்பு. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் படியிறங்கிப் போனதும் நசீர் பாஸ்போர்ட் படத்தை மேஜையில் கவிழ்த்துப் போட்டான்.

* * *

மறுநாள் முழுக்க நசீர் கண் வரைந்தான்.

மூன்று முறை அழித்தான். அந்தத் தொங்கும் இமை சரியாக வந்தபோது, அட்டையிலிருந்து சவரிராயன் அவனையே முறைத்தார். எழுந்து போனாலும் பார்வை கூடவே வந்தது.

"இதைத் திருப்பி வைங்க. சோறு எறங்கல" என்றாள் குல்ஷன்.

"கழுத்துக்குக் கீழ சட்டை மங்கலா இருக்குது. இன்னும் ரெண்டு நெகட்டிவ் இருக்குதே, அதுல நல்லா இருந்தா அதையே போட்டுடலாம். மெஷின்ல பாக்கலாம் வா."

அங்கேதான் அடுத்த வில்லங்கம். மெஷினின் வாய் சின்ன ஃபிலிமுக்குச் செய்தது. நசீருடைய கேமராவின் ஃபிலிம் அகலமானது. உள்ளே போகவே மாட்டேன் என்றது.

நசீர் விடவில்லை. பக்கத்து மூடியைக் கழற்றி, அட்டையில் ஓட்டை வெட்டி ஒட்டி, நெகட்டிவை அதன்மேல் படுக்க வைத்தான். ஓட்டைக்குள் முழுப் படம் அடங்கவில்லை. நடுத்துண்டு மட்டும்தான் விழுந்தது.

டி.வி.யில் வெளிச்சம்!

ரோசம்மா இல்லை. அவள் தம்பி இல்லை. மெழுகுவர்த்திகள் இல்லை. திரை முழுக்கச் சவரிராயனின் முகமும் நெஞ்சும் மட்டுமே. மூக்குப் பஞ்சிலிருந்து தொங்கும் நூல்கூடத் தெரிந்தது. குல்ஷன் தாடைக்குக் கீழே முந்தானையை இறுக்கிக்கொண்டாள்.

முதல் நெகட்டிவ்... அடுத்து இரண்டாவது... அடுத்து மூன்றாவது...

"ஏங்க..." அவள் குரல் சன்னமாகிவிட்டது. "மறுபடி மொதல்ல இருந்து தள்ளுங்க."

தள்ளினான்.

"இந்த ஆளு... மூச்சு விடறாருங்க."

"பைத்தியமா நீ? படம் உருளுது, அதான் அப்புடி தெரியுது."

"நெத்தி உருளல. காது உருளல. பஞ்சைப் பாருங்க."

நசீர் பார்த்தான்.

முதல் படத்தில் பஞ்சு நூல் நேராகத் தொங்கியது. இரண்டாவதில் மேலுதட்டை விட்டு எழும்பி நின்றது. மூன்றாவதில் மூக்கை நோக்கி உள்ளே இழுபட்டிருந்தது. ஜெபமாலையின் சிலுவையும் நெஞ்சோடு சேர்ந்து ஒரு பட்டன் உயரம் ஏறி இறங்கியது.

நசீர் பச்சைப் பட்டனை அழுத்தி மெஷினை அணைத்தான்.

"காத்தடிச்சிருக்கும்..." தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நெகட்டிவ்களை உருவி, பழைய என்லார்ஜரில் வைத்து மூன்றையும் முழுசாகப் பிரிண்ட் போட்டான். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தண்ணீருக்குள்ளிருந்து மூன்று சவரிராயன்கள் மெல்ல மேலே வந்தார்கள்.

தலைமாட்டு மெழுகுவர்த்திகளைப் பார்த்தான்.

மூன்றிலும் சுடர் கோடு போட்டதுபோல் நேராக நின்றது!

காற்று இல்லை.

"யா அல்லா..." நசீர் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "உசுரோட இருந்தவரை, அசையாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன் குல்ஷன். பின்னாடியே ஆணி அடிச்சாங்க. நான் காதால கேட்டேன்."

* * *

இன்ஸ்பெக்டர் மாரப்பன் சிரித்தார். தொந்தி குலுங்கும் சிரிப்பு.

"பாய், பொணம் டி.வி.ல மூச்சு வுடுதா? எங்கூட்டு டி.வி.ல செய்தி படிக்கறவங்களே மூச்சு வுட மாட்டேங்கறாங்க."

நசீர் மூன்று பிரிண்ட்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தான். லென்ஸை நீட்டினான்.

சிரிப்பு நடுவிலேயே நின்றது.

"யாரோ மருந்து குடுத்து மயக்கி... உசுரோட பொதைச்சிருக்காங்கன்னு சொல்ற?"

"அப்புடித்தாங்க தெரியுது. சாட்சி சொல்லக் கூடாதுன்னு யாரோ பண்ணியிருக்காங்க. தோண்டிப் பாத்தா தெரிஞ்சிரும். திங்கக்கெழம என் தம்பிக்குத் தீர்ப்புங்க. அதுக்குள்ள..."

"உன் தம்பிக்காக ஜோடிச்ச கதையா இருந்தா?"

"அப்புடி இருந்தா என்னையும் ஜெயில்ல அவன் பக்கத்துல போட்டுடுங்க."

மாரப்பன் தொப்பியை எடுத்தார். "தாசில்தார்கிட்ட உத்தரவு வாங்கறேன். நீ கேமராவோட வந்து சேரு."

* * *

கல்லறைத் தோட்டம். சனிக்கிழமை காலை.

திருநாளுக்காகக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சனம் மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றது. தாசில்தார் குடைக்குள் நின்றார்.

ரோசம்மா ஓடி வந்தாள்.

"வேணாங்க சார். அம்மை கண்ட ஒடம்புங்க. தொறந்தா ஊரையே அள்ளிகினு போயிரும்."

அவ்வளவுதான்! மண்வெட்டியோடு வந்திருந்த இரண்டு ஆட்களும் பத்தடி பின்னால் போய்விட்டார்கள். "நாங்க தொட மாட்டோமுங்க. புள்ளகுட்டிக்காரங்க."

மாரப்பன் சுற்றும்முற்றும் பார்த்தார். ரோசம்மாவுக்குப் பின்னால், முகத்தைச் சுற்றிய துண்டோடு காவல்காரன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏய்... நீ வா. நீ தோண்டு."

"அவனுக்குத் தமிழ் வராதுங்க சார்" என்றாள் ரோசம்மா.

"மம்பட்டிக்கு எல்லா பாஷையும் வரும். குடுங்கய்யா அவன் கையில."

ரோசம்மாவின் முகம் வெளுத்தது. காவல்காரன் தயங்கினான். லத்தி அவன் முதுகில் உட்கார்ந்தது.

அவன் தோண்டினான்.

மண் மேலே வர வர, நசீர் குழியை நோக்கி நகர்ந்தான். பெட்டிக்குள் அவர் எப்படிக் கிடப்பாரோ... பலகையில் நகக் கீறல் இருக்குமோ... கடைசியாக அவர் காதில் விழுந்தது தன் குரலாக இருக்குமோ...

'ணங்' என்று மண்வெட்டி பலகையில் இடித்தது.

"மூடியைப் பேத்து எடு" என்றார் மாரப்பன்.

ஆணிகள் கிறீச்சிட்டன. மூடி திறந்தது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டது.

எந்த நாற்றமும் வரவில்லை.

உள்ளே மூன்று மூட்டைகள். மாரப்பன் எட்டிப் பார்த்து லத்தியால் குத்தினார். பொலபொலவென்று கொட்டியது.

மணல்!

"என்னம்மா இது? உம் புருசன் மண்ணாப் போனாருன்னு சொல்லுவாங்க... இவ்ளோ சீக்கிரமாவா?"

ரோசம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நசீருக்கு அப்போதுதான் புரிந்தது. உயிரோடு புதைக்கவில்லை... புதைக்கவே இல்லை! மயக்கத்தில் விட்ட மூச்சு அல்ல அது. ஒரு படம்தான் என்று நினைத்து மூச்சைப் பிடித்தவர், மூன்று என்றதும் தாங்காமல் விட்ட மூச்சு. சாட்சிக் கூண்டுக்குப் பயந்து செத்துப் போனவர் எங்கோ சாப்பிட்டு, தூங்கி, நடமாடிக்கொண்டிருக்கிறார்!

எங்கே?

"பாய், பெட்டியோட ஒரு படம் புடி. கோர்ட்டுக்கு வேணும்."

நசீர் குழியின் விளிம்பில் ஸ்டாண்டை ஊன்றினான். குனிந்து கேமராவின் தலைப்பக்கத்துக் கண்ணாடிக்குள் பார்த்தான்.

திறந்த பெட்டி... மணல்... பெட்டிக்குப் பக்கத்தில் குழிக்குள் நின்ற காவல்காரன்.

"யாரும் அசையாதீங்க..."

பழக்கத்தில் வந்துவிட்டது. குழிக்குள் நின்றவன் சட்டென்று தலையை நிமிர்த்தினான். துண்டுக்கு நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன.

நசீரின் விரல் பட்டன்மேல் நின்றுபோனது.

இடது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது.

மூன்று முறை அழித்து வரைந்த கண்! அட்டையிலிருந்து ஸ்டூடியோ முழுக்க அவனைத் துரத்திய அதே கண்!

"காவக்காரரே..." நசீரின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "துண்டைக் கொஞ்சம் எறக்குங்க. மொகம் விழணும்."

"அவனுக்குத் தமிழ்..." ரோசம்மா பாய்ந்து குறுக்கே வந்தாள்.

"தெரியுங்கம்மா. நல்லாவே தெரியும்" என்றான் நசீர்.

காவல்காரன் குழியை விட்டு எகிறினான். கால் வைத்த மண் சரிந்தது. மறுபடி எகிறினான், மறுபடி சரிந்து பெட்டிக்குள்ளேயே மல்லாக்க விழுந்தான். மாரப்பன் குனிந்து துண்டை உருவினார்.

ஊரே ஒரு குரலில் அலறியது.

சவரிராயன்!

சுண்ணாம்பு வாளிகள் உருண்டன. பாதிச் சனம் சிலுவை போட்டுக்கொண்டது, மீதி ஓடியது. ரோசம்மா குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தானே தோண்டி, தானே படுத்துகினாரு. இப்புடி ஒரு அக்யூஸ்ட்டை நான் பாத்ததே இல்ல" என்று விலங்கை எடுத்தார் மாரப்பன். "வாங்க முதலாளி. திங்கக்கெழம கோர்ட்டுல உங்களைக் கேக்க வேண்டியது பாக்கி இருக்குது."

நசீருக்குக் கண்ணீர் வந்து கேமராக் கண்ணாடியில் சொட்டியது. காசிம் வீட்டுக்கு வருவான். இப்போது அவனுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தான். பட்டனைத் தட்டினான். க்ளிக்.

பிறகு ரோசம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"அவரு கண்ணைத் தொறந்து குடுக்கச் சொன்னீங்களேம்மா... தொறந்தாச்சு. மூச்சு வேணுமின்னா தாராளமா விட்டுக்கச் சொல்லுங்க, இந்தத் தடவை படம் கெடாது."