பின் சீட்டில் நிலக்ஷி

லிந்துலையில் என் கராஜுக்குக் கந்தப்பன் அந்தப் பழைய காரை மறுபடியும் கட்டி இழுத்து வந்தபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மத்தியானமே மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. வால்வ் கவரைக் கழற்றினேன். வளைந்திருந்தது அதே புஷ் ரொட்தான். வால்வைத் தள்ளித் திறக்கும், பென்சில் பருமனான கம்பி. கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்த்தேன். நொண்டி நொண்டி நகர்ந்தது.

“ஏன்யா, எறக்கத்துல எஞ்சின ஆஃப் பண்ணி உருட்டுறியா?”

பெட்ரோல் தட்டுப்பாட்டில் இந்த மலைக்காரர்களுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. உருளும் வேகத்திலேயே சின்னக் கியரைப் போட்டுக் கிளப்பினால் எஞ்ஜின் தாங்காமல் சுற்றும், வால்வ் சிக்கும், ரொட் வளையும். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

“அன்னைக்கு மட்டுந்தான் பாஸ் உருட்டுனேன்.”

அது என்றைக்கு என்று எனக்குத் தெரியும். அவன் மனைவி நிலக்ஷி பிரசவ வலியோடு பின் சீட்டில் கிடந்தாள். கோயில் வளைவில் கார் நின்றுபோனது. வேறு வண்டி வருவதற்குள் அவளும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது.

“அப்ப இப்ப ஏன் வளையுது?”

அவன் தலை குனிந்தான். “அந்த வளைவுக்கு வந்தா பின்னால அவ முனகுறா. கை பதறி கியரப் போட்டுர்றேன். ஒரு தடவயாச்சும் அவள ஆஸ்பத்திரியில கொண்டுபோயி சேத்துரணும் பாஸ்.”

பாவமாக இருந்தது. புது ரொட் போட்டு, இடைவெளி சரிபார்த்தேன்.

“நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காரு.”

அவன் குடியிருக்கும் தோட்ட லயம்வரை ஏறிப்போனோம். அங்கே கந்தப்பன் இறங்கி, யாரையோ ஏற்றுவதுபோல் பின்கதவைத் திறந்து பிடித்து நின்றான். பிறகு மெல்லச் சாத்தினான்.

ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில் கோயில் வளைவு வந்தது. காருக்குள் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசம்.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

கந்தப்பன் இல்லை. அவன் என் பக்கத்தில் மூச்சையே அடக்கியிருந்தான்.

“அம்மா...”

என் கால் பிரேக்குக்குப் போனது.

“நிப்பாட்டாதீங்க பாஸ். கும்புட்டுக் கேக்குறேன்,” என்று கந்தப்பன் கிசுகிசுத்தான்.

கியரை நான் தொடவில்லை. வளைவு கடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில், நாங்கள் கூப்பிடாமலே, அட்டெண்டன்ட் அம்மா ஒருத்தி தள்ளுகட்டிலை உருட்டி வந்தாள். பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவு நேரமா வச்சிருப்பாங்க? மெதுவாப் புடிச்சு எறக்குங்க.”

என் கண்ணுக்குச் சீட் காலியாகத்தான் இருந்தது. கந்தப்பன் குனிந்து இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினான். நிமிர்ந்தபோது பாரத்தில் அவன் முழங்கால்கள் நடுங்கின. கட்டிலின் விரிப்பு அமுங்கியது. கட்டிலைப் பிடித்தபடியே அவனும் உள்ளே போனான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரை விட்டு நகரவும் பயம்.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தான். கைகளை மார்போடு மடித்து, எதையோ அணைத்தபடி நடந்தான்.

“பொம்பளப்புள்ள பாஸ். நிலக்ஷி உள்ள தூங்குறா.”

அவன் கைகளுக்குள் ஒன்றுமில்லை. முன்கதவைத் திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்து, பிள்ளையைச் சுற்றிய சேலையை விலக்குவதுபோல் விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தான்.

அந்த வெறுங்கைகளுக்குள்ளிருந்து ஒரு சிசு சிணுங்கியது.