சிவப்புத் தாள் ஒட்டிய டிவி

"இன்னும் எத்தனை மாடி?" என்று கேட்டாள் லிங்.

"வந்தாச்சு. இதுதான்."

"போன மாடியிலயும் இதையேதான் சொன்னே."

ஹின் அடுத்த படியில் காலை வைத்தான். முதுகில் பை, கையில் மடக்கிய தள்ளுவண்டி. மூச்சு வாங்கியது. ஹாங்காங்கில், ஷாம் ஷுய் போ பகுதியின் அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுச் சுவர்கள் ஈரத்தில் வியர்த்திருந்தன. கீழே தெருவில் கடைக்காரர்கள் அவசரமாக ஷட்டரை இறக்கும் சத்தம். மதியத்துக்கு மேல் எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏறும் என்று காலையிலிருந்தே ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு ஏறிவிட்டால் பஸ் நின்றுவிடும். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.

"புயல் அடிக்கிற அன்னைக்குப் பொண்டாட்டிய டிவி தூக்கக் கூட்டிட்டு வர்ற ஆள் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்."

"நாளைக்கு வீட்டுக்காரன் ஆள் வச்சு எல்லாத்தையும் குப்பையில போடப் போறான் லிங். இதை விட்டா வேற கிடைக்காது."

அது உண்மைதான். ஜப்பானிலிருந்து வரவழைத்த பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று அவனிடம் தூங்கிக்கொண்டிருந்தது. ஹாங்காங் டிவிகளுக்கு ஜப்பான் சிக்னல் ஒத்துவராது. வண்ணம் போய்விடும், படம் மேல்நோக்கி உருண்டு உருண்டு ஓடும். புதிய தட்டை டிவியில் படம் ஒழுங்காக வரும், ஆனால் அந்தப் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி அதில் வேலை செய்யாது. ஜப்பான் சிக்னலும் பிடிக்க வேண்டும், பின்னால் தொப்பை வைத்த பழைய கண்ணாடி டிவியாகவும் இருக்க வேண்டும். தெருத் தெருவாக அலைந்த பிறகு, யிவ் என்ற கிழவர் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டான். டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். தனிக்கட்டை. சமீபத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தார்.

எதிர்வீட்டு லோ அம்மா கிழவர் வீட்டு மடக்கு இரும்புக் கதவையும் உள்ளே மரக்கதவையும் திறந்து, சாவியை லிங்கிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். குடையும் பையுமாகக் கிளம்பத் தயாராக இருந்தாள்.

"உள்ள வரலையா நீங்க?" என்றான் ஹின்.

"நானா? இன்னைக்கா? நல்லா இருக்கே தம்பி! இன்னைக்குத்தான் கிழவரோட ஆவி கடைசியா ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போற நாள். பூசாரி கணக்குப் போட்டுக் குடுத்திருக்காரு."

லிங் ஹின்னைப் பார்த்த பார்வையில் தோல் உரிந்தது.

"பயப்படாத பொண்ணே. ராத்திரிதான் வருவாரு. பஸ் நின்னுடுமேன்னு அவர் தங்கச்சி காலையிலேயே சாப்பாடு வச்சுட்டுப் போயிட்டா. நீங்க சட்டுன்னு எடுத்துட்டு, பூட்டி, சாவியைக் கீழ தபால் பெட்டியில போட்டுடுங்க. நான் மகன் வீட்டுக்குப் போறேன்."

அவள் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கித் தேய்ந்தது.

உள்ளே ஒரே அறை. பழைய ஊதுபத்திப் புகை, மருந்து எண்ணெய், அதற்கும் அடியில் டிவி ரிப்பேருக்கு உருக்கிய ஈயத்தின் வாசனை. மேஜையில் ஒரு கிண்ணம் சோறு, பன்றி இறைச்சி, உரிக்காத முட்டை, ஆறிப்போன தேநீர். முன்னால் ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. ஒருவர் உட்காரத் தோதாக.

மூலையில் டிவி. அதன் திரை முழுக்கச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.

"உயிர் உள்ள மாட்டிக்கும்னு துக்க வீட்டுல கண்ணாடியெல்லாம் மூடுவாங்கல்ல, டிவியையும் மூடியிருக்காங்க பாரு," என்றாள் லிங். "அப்படியே தூக்கிக்கலாம்."

"போட்டுப் பாக்காம எவன் பழைய டிவி வாங்குவான்? கீழ வரைக்கும் தூக்கிட்டுப் போய்ப் படம் உருண்டுச்சுன்னா?"

முதுகுப் பையில் விளையாட்டுப் பெட்டியை அவன் கொண்டுவந்ததே அதற்குத்தான். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தாளை ஒரே இழுப்பில் உரித்துத் தரையில் போட்டான்.

ஜன்னல் ஒன்று அகலத் திறந்து கிடந்தது. மழை உள்ளே சாய்ந்து டிவியின் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. லிங் ஓடிப் போய் அதைச் சாத்தினாள். பையிலிருந்த டேப்பை எடுத்துக் கண்ணாடியின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒட்டினாள், ஓரங்களையும் அடைத்தாள். புயல் நாளில் இந்த ஊரில் எந்தக் கையும் யோசிக்காமல் செய்யும் வேலை அது. புயல் நாளில் அந்த ஜன்னலை யார் திறந்து வைத்தார்கள், எதற்கு என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஹின் ட்யூப் லைட்டைப் போட்டு, விளையாட்டுப் பெட்டியை டிவியில் இணைத்து முடுக்கினான். படம் வந்தது. கறுப்பு வெள்ளை. உருண்டு உருண்டு மேலே ஓடியது.

"வீணாப் போச்சு," என்றாள் லிங், சந்தோஷத்தை மறைக்காமல்.

"இரு, பின்னால ஒரு சுவிட்ச் இருக்கு."

துருவேறிய சுவிட்சை அவன் தள்ளியதும் படம் ஒரு குலுக்கலோடு நின்றது. வண்ணம் ஊறி வந்தது. நீல வானம், பச்சை மலை, பறக்கும் மஞ்சள் பட்டங்கள். ஹின் சின்னப் பிள்ளை மாதிரி தரையில் சப்பணமிட்டுத் துப்பாக்கியை நீட்டினான்.

டிக்.

விசையை அழுத்தும் நொடியில் அந்த ஆட்டத்தில் திரை முழுக்கக் கறுத்துவிடும், குறி மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் தேடும். எல்லாம் கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்துக்கு டிவி வெறும் கறுப்புக் கண்ணாடி.

பட்டம் விழுந்தது. ஹின் சிரித்தான்.

டிக்.

சிரிப்பு நின்றது.

"லிங், நாற்காலியில உக்காராத. சாப்பாட்டு முன்னால உக்காந்தா நல்லாவா இருக்கு?"

"நான் ஜன்னல் பக்கம் நிக்கிறேன். உனக்கு என்ன ஆச்சு?"

அவன் திரும்பிப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது.

மறுபடி டிவியைப் பார்த்தான். வானம், மலை, பட்டங்கள். விரல் தானாக அழுத்தியது.

டிக்.

கறுத்த கண்ணாடியில் அறை வளைந்து தெரிந்தது. மேஜை தெரிந்தது. மேஜையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து, கிண்ணத்தை வாயருகே வைத்து வேகவேகமாகச் சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வா, போயிடலாம்."

"டிவி?"

"வேணாம். வா."

அவன் குரலைக் கேட்டு அவள் கதவுக்கு ஓடினாள். வெளியே மதியம் இருண்டுபோயிருந்தது, ராத்திரியா பகலா என்று தெரியாத இருட்டு. காற்றில் எப்போதோ சாத்திக்கொண்டிருந்த கதவில் லிங் சாவியைத் திருகினாள். பூட்டு விட்டது. கதவு விடவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கதவே இல்லை, சுவர் என்பது போல அது அசையாமல் நின்றது. தட்டினார்கள், கத்தினார்கள். எல்லாவற்றையும் காற்று விழுங்கியது. போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

மேஜையில் ஏதோ உருண்டது. முட்டை.

ஈயம் உருகும் வாசனை கூடிக்கொண்டே வந்தது.

"என்ன பாத்தே நீ? சொல்லு," என்று கிசுகிசுத்தாள் லிங்.

"அவர் வந்துட்டாரு."

"எங்க இருக்காரு இப்ப?"

"தெரியல. சுட்டாத்தான் தெரியும்."

அவன் தவழ்ந்து டிவி முன்னால் போனான்.

டிக்.

"எழுந்துட்டாரு. சாப்பிட்டு முடிச்சிட்டாரு."

டிக்.

"ஜன்னல்கிட்ட நிக்கிறாரு. கண்ணாடியத் தடவுறாரு. நீ ஒட்டின டேப்பை."

லிங் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ. வழி! அவர் திரும்பிப் போற வழி அது. அதுக்குத்தான் தொறந்து வச்சிருந்தாங்க. நான் அடைச்சிட்டேன் ஹின்."

"அப்ப அவர் போற வரைக்கும்..."

அவன் கண் கதவுக்குப் போனது. கிழவர் போகாமல் அவர்களும் போக முடியாது.

"நான் போய்த் தொறக்கிறேன்," என்றாள் லிங். "அவர் எங்க நிக்கிறாருன்னு சொல்லிக்கிட்டே இரு. நிறுத்தாத."

டிக். "அங்கேயேதான். இடது பக்கமாப் போ."

டிக். "திரும்பிட்டாரு."

"என்னைப் பாத்தா?"

டிக். "உன்னைப் பாத்துத்தான். நில்லு. அசையாத."

லிங் நின்றாள். கன்னத்தில் மருந்து எண்ணெய் வாசனையோடு ஒரு குளிர்ச்சி உரசிப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிக். "உன்னைத் தாண்டிட்டாரு. இப்பத் தொற!"

அவள் நகங்களால் டேப்பைக் கிழித்தாள். நனைந்து உப்பிய சட்டம் அசைய மறுத்தது. தோளால் இடித்தாள்.

"இப்ப எங்க?"

டிக்.

"ஹின், எங்கன்னு கேக்கறேன்!"

"என் பின்னால," என்றான். குரல் உதட்டைத் தாண்டவில்லை. "குனிஞ்சு பாக்குறாரு. டிவியப் பாக்குறாரு."

டிக்.

"தோள்ல கை வச்சிருக்காரு. லிங், சீக்கிரம்."

ஜன்னல் பிய்த்துக்கொண்டு திறந்தது. காற்றும் மழையும் ஒரே அடியாக உள்ளே பாய்ந்தன. கிண்ணம் விழுந்து நொறுங்கியது. ஈயத்தின் வாசனை ஒரு நொடி மூச்சை அடைத்தது, பிறகு சுத்தமாக இல்லாமல் போனது. அவர்களுக்குப் பின்னால் கதவு தானாகத் திறந்து சுவரில் மோதியது.

"போயிட்டாரா? பாரு ஹின், போயிட்டாரா?"

டிக்.

நீண்ட மூச்சு விட்டான் ஹின்.

"போயிட்டாரு. யாருமே இல்ல. நீ மட்டும்தான் தெரியறே."

எதையும் எடுக்கவில்லை. ஓடினார்கள். கீழ் மாடிக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி இன்னும் அவன் கையில் இருப்பதையும், பிய்ந்த ஒயர் படிகளில் இழுபட்டு வருவதையும் லிங் கவனித்தாள்.

மறுநாள் விடிந்தபோது எச்சரிக்கையை இறக்கியிருந்தார்கள். தெருவில் முறிந்த கிளைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். ஹின் வீட்டுக்கு வந்ததிலிருந்து சோபாவிலேயே கிடந்தான், உறக்கமா மயக்கமா என்று சொல்ல முடியாமல். லிங் சூடான கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுந்திரு. இனிமே டிவி கிவின்னு வாயத் தொறந்தே, நானே உன்னைக் குப்பையில போட்டுடுவேன்."

அவன் அசையவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

எதிரே அவர்களுடைய புது டிவி அணைந்து கிடந்தது. கறுப்புத் திரையில் சோபா தெரிந்தது. போர்வை தெரிந்தது, ஒரு மனித உடம்பின் அளவுக்கு மேடாக. கஞ்சிக் கிண்ணம் தெரிந்தது.

அவள் மட்டும் தெரிந்தாள்.

போர்வைக்கு மேலே தலையணை குழிந்திருந்தது. அதில் முகம் இல்லை.

போன் அடித்தது.

"பொண்ணே, நான்தான், லோ அம்மா. இப்பத்தான் வந்தேன். என்ன வீட்டை இப்படிப் போட்டுட்டுப் போயிருக்கீங்க? டிவியக் கூட அணைக்கல. நான் ப்ளக்கைப் புடுங்கினேன்."

"லோ அம்மா..."

"புடுங்கியும் அதுக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது பொண்ணே. துணி கிளிப்பு அடிக்கிற மாதிரி. இந்தா கேளு."

டிக். டிக். டிக்.

துப்பாக்கி இங்கே, அவர்கள் வீட்டு வாசலில், செருப்பு அலமாரி மேல் கிடந்தது. லிங் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் அதைத் தொடவில்லை.

"லோ அம்மா, அந்தக் கண்ணாடியில பாருங்க. யாராவது தெரியறாங்களா? அதை யாரையும் தொட விடாதீங்க, நான் வர்றேன், இப்பவே வர்றேன்..."

"நீ என்ன வர்றது? வீட்டுக்காரன் ஆளுங்க தூக்க வந்தாச்சு. கண்ணாடியில என்னத்தைப் பாக்கச் சொல்றே? தாள் கிழிஞ்சு தரையில கிடந்துச்சு. அப்படி விடலாமா? பசை தடவி, மேல மறுபடி ஒட்டிட்டேன்."

லிங்கின் கைக்குள் ஹின்னின் விரல்கள் இறுகின.

அவன் கண்ணைத் திறந்திருந்தான். வெயில் முகத்தில் விழ, அவளைத் தாண்டி எதையோ பார்த்தான்.

"லிங்," என்றான். "ஏன் எல்லாம் செவப்பா இருக்கு?"