யாருடைய பாரம்

நாகப்பட்டினம் கடல் மீட்பு மையத்தில் காலைப் பணி ஏழு மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் எல்லோரும் வாசலில் உள்ள சுமைமானியில் உள்ளங்கையை வைக்க வேண்டும். மனச்சுமை எழுபதைத் தாண்டியவர்கள் அழைப்புகளை ஏற்க முடியாது; உடன் வேலை செய்யும் யாராவது பாதியை வாங்கிக்கொண்டால் முடியும். இருவரும் சேர்ந்து கை வைத்தால் ஒரு நிமிடத்தில் பகிர்வு முடிந்துவிடும். பாரம் மட்டும்தான் கை மாறும். அது எதனால் வந்தது என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

நாற்பத்தெட்டு வயது அமலோற்பவம் எல்லோரிடமும் வாங்கிக்கொள்வார். பதினொரு ஆண்டுகளில் அவருடைய எண் முப்பதைத் தாண்டியதில்லை. மனவுறுதிப் பயிற்சி வகுப்புகளில் அவர் படத்தைக் காட்டினார்கள்.

ஐப்பசியில் ஒரு முற்பகல். கணவன் போன படகு திரும்பவில்லை என்று ஒரு பெண் அழைத்தாள். அமலோற்பவம் படகின் எண்ணைக் கேட்டு, ட்ரோன்களைச் சரியான திசையில் அனுப்பினார். அந்தப் பெண் அழுதாள். வேறு தகவல் உண்டா என்று கேட்டார். அவள் விம்மினாள். அதே குரலில், அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த ஜபருல்லா திரும்பிப் பார்த்தார்.

மதியத்துக்குள் படகுக்காரன் உயிரோடு கிடைத்தான். அறையே கைதட்டியது. அமலோற்பவம் அடுத்த அழைப்பை எடுத்தார்.

அது முடிந்ததும் ஜபருல்லா அவரைச் சுமைமானிக்குக் கூட்டிப்போய், தனக்குப் பாதி தரச் சொன்னார். கருவி இருபத்தாறு காட்டியது; பகிர ஏதுமில்லை என்றது. ஜபருல்லா நம்பவில்லை. சாப்பாட்டு அறையில் எதிரே உட்கார்ந்து, மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அமலோற்பவம் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"நிறைய இருக்கு தம்பி. எது என்னோடதுன்னுதான் தெரியல. அந்தக் கருவிக்கும் தெரியல போல."

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜபருல்லாவும் அமலோற்பவத்திடம் தன் பாரத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, அன்றே இருக்கையில் போய் உட்கார்ந்தவர்தான். வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

"என்னோடது எதுன்னு சொல்றேன்க்கா. எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா. ஆறு நாள்தான் இருந்தா. மறுநாள் பேரு வைக்கிறதா இருந்துச்சு."

சில விடியற்காலைகளில் மடி கனத்து விழிப்பு வரும் என்றார் அமலோற்பவம். பிள்ளை பெறாதவளுக்கு ஏன் இப்படி என்று தன்னையே திட்டிக்கொள்வாராம்.

"அது அவதானா?"

ஜபருல்லா தலையசைத்தார். அமலோற்பவத்தின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைத்துக்கொள்ளவில்லை.

"யாரு ஜாடை?" என்று கேட்டார்.

ஜபருல்லா சொல்லத் தொடங்கினார்.