மறைப்புப் பலகைக்குக் கீழே

அன்று காலை பேஸ்மென்டைச் சுத்தம் செய்ய ஆர்லிஸ் இறங்கியபோது, படம் ஓட்டும் திரைக்குக் கீழே கார்ப்பெட்டில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. தொட்டால் ஈரம். விரலால் தேய்த்துப் பார்த்தாள். இரும்புத் தாதுப் புழுதி. வட மினசோட்டாவில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஒரு காலத்தில் கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பெல்லாம் சிவந்துதான் வீட்டுக்குள் வரும். ஆனால் பக்கத்துச் சுரங்கத்தை மூடி, அதில் தண்ணீர் நிரம்பி, முப்பது வருடமாகிறது. வெளியே இடுப்பளவு பனி கல்லாக உறைந்து கிடக்கிறது. புழுதி எங்கிருந்து வரும்? வினிகர் ஊற்றித் துடைத்தாள். மேலே போய், அவனில் வேகவைக்கும் ஹாட்டிஷுக்கு மாட்டுக்கறியை வதக்கி, அதன்மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிவிட்டு மறுபடி வந்து பார்த்தாள். அதே இடத்தில் அதே சிவப்பு.

கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் டுவெய்ன் குனிவான், எதையாவது நகர்த்துவான், தூக்குவான். அக்டோபரில்தான் அவன் நெஞ்சைப் பிளந்து தைத்திருந்தார்கள். நாலு லிட்டர் பால் கேனுக்கு மேல் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த மனுஷன் போய்விட்டால் தனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று ஆர்லிஸுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அது அவளுக்கு நன்றாகவே தெரிந்துபோயிற்று. அவனிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பகல் இரண்டரைக்கு நண்பன் வேட் வந்தான். வாசலில் பூட்ஸை உதறிக் கழற்றிவிட்டு, குளிரில் சிவந்த மூக்கோடு, கோட்டுக்குள்ளிருந்து ஒரு சினிமா டிஸ்கை எடுத்து நீட்டினான். பிறந்த குழந்தையைக் காட்டுகிறவன் மாதிரி முகத்தில் அவ்வளவு பெருமை.

மூன்று பேரையும் சேர்த்து வைத்ததே அந்தப் படம்தான். 'சுரங்கத்து மாப்பிள்ளை'. கறுப்பு வெள்ளை, எழுபது வருடப் பழசு. மூடிய சுரங்கத்திலிருந்து மண்ணும் இரும்புமாக எழுந்து வரும் ஒரு பூதம், மேஸ்திரியின் மகளைக் காதலிக்கிறது. கடைசிக் காட்சியில் அவளை அணைத்துக்கொள்கிறது. அவள் கண்ணை மூடிப் புன்னகை செய்கிறாள். படம் முடிகிறது. அந்த ஒரு அணைப்பை வைத்துக்கொண்டு ரசிகர்கள் இத்தனை வருடமாக அடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் திரையில் அவள் முழங்கால் வரைக்கும்தான் தெரியும். அவள் நுனிக்காலில் எம்பித் தானாக அணைத்தாள் என்றால் அது காதல். அவள் கால் தரையை விட்டுத் தொங்குகிறது என்றால் பூதம் அவளைத் தூக்குகிறது, அது வேட்டை. நுனிக்கால் கட்சி, தொங்குகால் கட்சி. ஆர்லிஸும் டுவெய்னும் நுனிக்கால். ஒரு ரசிகர் கூட்டத்தில் ஒரே பக்கம் நின்று கத்தியதில்தான் அவர்களுக்குள் பழக்கமே ஆரம்பித்தது. வேட் தொங்குகால். இணையத்தில் அவன் அவர்களைத் திட்டி எழுதியதையெல்லாம் அச்சடித்தால் தலையணை கனத்துக்கு வரும். ஆனாலும் ஞாயிறு தவறாமல் சாப்பிட வந்துவிடுவான்.

இப்போது புது டிஸ்க். அட்டையில் 'முழுச் சட்டகம்' என்று போட்டிருந்தது. அந்தக் காலத்தில் படத்தைச் சதுரமாக எடுத்துவிட்டு, கொட்டகையில் மேலும் கீழும் மறைத்து, அகலமாக்கி ஓட்டினார்கள். மறைந்த பகுதியை இதுவரை யாரும் வெளியிட்டதில்லை. இதில் மறைப்பு கிடையாது. கால் தெரியும்.

டுவெய்னுக்கு அதில் இஷ்டமில்லை. அவன் மறைப்புக்காரன். பேஸ்மென்டின் கடைசிச் சுவர் முழுக்க வெள்ளை அடித்துத் திரையாக்கி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கறுப்பு வெல்வெட் சுற்றிய பலகைகளைத் தன் கையாலேயே செய்து நிறுத்தியிருந்தான்.

"எடுத்தவனே மறைச்சு வெச்சதுடா," என்றான். "மைக் தொங்கும், விளக்குக் கம்பம் தெரியும், எவனாவது சாண்ட்விச் தின்னுக்கிட்டு நிப்பான். அதப் பாக்கவா இத்தன நாள் காத்துக்கிடந்தே?"

"தோத்துருவோம்னு பயம் உனக்கு," என்றான் வேட். "நேரா சொல்லேன்."

பேச்சு வளர்ந்தது. ஃபிலிமுக்கே உரிய புள்ளிகளைச் சுரண்டி வழவழவென்று ஆக்கிவிட்டான்கள் என்று டுவெய்ன் சொல்ல, கண்ணாடியை மாற்று என்று வேட் சொல்ல, டுவெய்னின் கழுத்து நரம்பு புடைப்பதை ஆர்லிஸ் பார்த்தாள். அந்த நரம்பு புடைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. சண்டையை முடித்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தாள்.

"பாத்துரலாம், டுவெய்ன். ஒரு தடவ காலப் பாத்துட்டா இவன் வாய மூடிருவான். நான் எடுக்கறேன் பலகைய, நீ எந்திரிக்காத."

கீழ்ப்பலகை எடுக்க வரவில்லை. அடியில் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி அடம் பிடித்தது. மரம் ஈரத்தில் ஊறியிருக்கும் என்று நினைத்து, பலமாக ஆட்டி இழுத்தாள். சேற்றிலிருந்து பூட்ஸைப் பிடுங்குகிற சத்தத்தோடு வந்தது. பலகையின் உள்பக்கத்து வெல்வெட் நீளநீளமாகக் கிழிந்து தொங்கியது. அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, டுவெய்னுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வேட் நேராகக் கடைசிக் காட்சிக்குப் போனான். கூரையில் பிரொஜக்டரின் விசிறி உறுமியது, மூலையில் ஹீட்டர் டிக் டிக்கென்று சூடேறியது, ஜன்னலை அடைத்த கறுப்புத் துணியின் ஓரத்தில் பனியில் பட்டுத் தெறித்த வெயில் ஒரு கோடாக நின்றது. அத்தனைக்கும் அடியில், மழையில் நனைந்த பழைய இரும்பின் வாடை, முதலில் மெல்லியதாக, பிறகு நாக்கில் ருசிக்கிற அளவுக்கு. வீட்டுக்கு அடியில் எங்கோ குழாய் வெடித்திருக்குமோ என்று ஆர்லிஸ் யோசித்தாள்.

பூதம் அவளை அணைத்தது. வேட் பாஸ் போட்டுப் படத்தை நிறுத்தினான்.

நுனிக்கால். வெறும் பாதம், குதிகால் நன்றாக உயர்ந்து, விரல்கள் மட்டும் தரையில். டுவெய்ன் சின்னப் பையன் மாதிரி தொடையைத் தட்டிச் சிரித்தான். "எழுதுடா, இப்ப எழுது. 'நான் ஒரு மடையன்'னு எழுதி இன்னிக்கே போடு."

வேட் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன?" என்றான்.

கணுக்காலில் விரல்கள் இருந்தன. தரையிலிருந்து முளைத்த, மெலிந்த, நீண்ட விரல்கள். ஒரு கை இல்லை. ஐந்தாறு கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, அவள் கணுக்காலையும் கெண்டைக்காலையும் வளைத்துப் பிடித்திருந்தன. பூதத்தின் இரண்டு கைகளும் அவள் முதுகில் இருந்தன. ஆர்லிஸ் இரண்டு முறை எண்ணினாள். முதுகில் இரண்டு. அப்படியானால் கீழே இருப்பது யாருடைய கைகள்?

விரல்கள் நகர்ந்தன.

படம் நின்றிருந்தது. பூதத்தின் முகம் நின்றிருந்தது, அவள் புன்னகை நின்றிருந்தது. கீழே மட்டும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, மேலே ஏறி, மறுபடி இறுக்கின.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே மாடிப்படியைப் பார்த்து ஓடியிருப்பார்கள். இவர்கள் ரசிகர்கள். வாழ்நாளெல்லாம் டிஸ்கில் குற்றம் கண்டுபிடித்தே பழகியவர்கள். கண் முன்னால் பிசாசே வந்து நின்றாலும் பதிப்பில் பிழை என்றுதான் சொல்வார்கள்.

"மேல்பாதி ஒரு ஃபைல், கீழ்பாதி ஒரு ஃபைல். ஒழுங்கா ஒட்டல," என்றான் வேட். "பாஸ் போட்டா ஒண்ணு நிக்குது, ஒண்ணு ஓடுது. டிஸ்க் போடுற கழுதைங்க." பையிலிருந்து, ஃபிலிம் புள்ளிகளைப் பார்ப்பதற்காக எப்போதும் வைத்திருக்கும் லென்ஸை எடுத்தான். சுவர் முன்னால் மண்டியிட்டான். லென்ஸைக் கண்ணில் வைத்து, மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி குனிந்தான்.

"வேட், வேணாம்," என்றாள் ஆர்லிஸ். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"புள்ளியே இல்ல," என்றான் வேட், குழப்பமாக. "இது ஃபிலிமே இல்..."

லென்ஸ் அவன் கண்ணுக்குள் போனது. சுவருக்குள்ளிருந்து ஏதோ அதை அழுத்தித் தள்ளியது. வேட் அலறவில்லை, இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. வலது கை முழங்கை வரை வெள்ளைச் சுவருக்குள் போயிற்று, பிறகு தோள் வரை. எலும்பு முறியும் சத்தம் விறகு ஒடிக்கிற மாதிரி இரண்டு தடவை கேட்டது. சிவப்புச் சேறு கார்ப்பெட்டில் பரவி வந்தது. அதில் எது சேறு, எது ரத்தம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேட்டின் முகம் அவர்கள் பக்கம் திரும்பியது. ஒரு கண்ணில் ஆச்சரியம். இன்னொரு கண் இல்லை. கழுத்தைச் சுற்றி விரல்கள். கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வாய்க்குள் விரல்கள்.

டுவெய்ன் எழுந்துவிட்டான்.

"போகாத," என்று கத்தினாள். "டுவெய்ன், உன்னால தூக்க முடியாது. போகாத!"

போனான். அவன் அப்படித்தான். திட்டித் தீர்த்தவனுக்கும் ஒன்று என்றால் முதலில் ஓடுவான், அதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். வேட்டின் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தான். பட்டை கையோடு வந்தது. வேட் வரவில்லை. சுவர் ஒரு முறை விம்மி அடங்கியது, வேட் இருந்த இடத்தில் ஒற்றைச் சாக்ஸ் மட்டும் கிடந்தது.

அதற்குள் டுவெய்னின் கணுக்காலில் விரல்கள்.

ஆர்லிஸ் எப்படி அங்கே போனாள் என்று தெரியாது. அவன் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, முதுகில் விரல்களைக் கோத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். தையல் போட்ட அவன் நெஞ்சு அவள் நெஞ்சின்மேல் தடதடவென்று அடித்தது. அவன் கால்விரல்கள் சுவருக்குள் இருந்தன. குதிகால் உயர்ந்திருந்தது.

படத்தை அணைக்கும் ரிமோட் சோபாவின் கைப்பிடியில் இருந்தது. ஒரு கை நீட்டினால் போதும். வலது கையை விடுவித்தாள். விடுவித்த உடனே டுவெய்ன் ஒரு முழம் சரிந்தான். "விட்டுராத," என்றான் காதருகே, மூச்சு வாங்க. "ஆர்லிஸ். விட்டுராத." கையைத் திருப்பி எடுத்து மறுபடி கோத்தாள்.

அப்போது அண்ணாந்து பார்த்தாள். பூதத்தின் முகம் தலைக்கு மேலே, சுவர் அகலத்துக்கு. இருபத்திரண்டு வருடம் அந்த முகத்தில் அவள் காதலைப் பார்த்தாள், வேட் பசியைப் பார்த்தான். இவ்வளவு கிட்டத்தில் பல் கடித்திருப்பது தெரிந்தது. நிறுத்திய படத்திலும் தாடை நடுங்குவது தெரிந்தது. கன்னத்து மண்ணில் கண்ணீர் அறுத்துக்கொண்டு போன கோடு தெரிந்தது. பூதம் அந்தப் பெண்ணைத் தூக்கவில்லை. கீழே போய்விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எழுபது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அந்தப் பெண்ணின் புன்னகை?

"டுவெய்ன்," என்றாள். "என்னப் பாரு. என்னயே பாரு."

அவன் அலறிக்கொண்டிருந்தான். முழங்கால் விட்டுப்போகும் சத்தம் அவள் எலும்பு வழியாகவே கேட்டது. பிறகு இடுப்பு. விட்டால் கீழே போய்விடுவான். விடாவிட்டால் இப்படி. இரண்டையும் அவள் தெளிவாகப் பார்த்தாள். கை தளரவில்லை. தளர்த்தத் தெரியவில்லை.

அலறல் நின்றது.

அவன் முகம் மெல்லத் தெளிந்தது. கண் மூடியது. உதட்டோரம் கொஞ்சமாக விரிந்தது. தலை அவள் தோளில் சாய்ந்தது.

சட்டென்று கனம் குறைந்தது.

வெதுவெதுப்பாக ஏதோ அவள் வயிற்றில் வழிந்து, தொடையில் வழிந்து, பாதத்தில் விழுந்தது. கீழே பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள். கார்ப்பெட்டில் விரல்கள் திரும்பி வந்தன, நிதானமாக, ஒவ்வொன்றாக, மிச்சத்துக்காக.

"விடல," என்றாள் அவன் காதில். "பாரு, நான் விடல."

பாதி கனமே இருந்த தன் கணவனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.